பத்திர ஆபீசில் கற்றதைக் கட்டுரையாக எழுதினால் மாதாமாதம் பணம் வருமா?

கேள்வி இதுதான்: "ஒரு பத்திர எழுத்தரிடம் பல வருடமாக உதவியாளராக இருக்கிறேன். எழுத நன்றாக வரும். தரமான கட்டுரைகளாக ஒரு நூறு எழுதி இணையத்தில் போட்டுவிட்டால், அப்புறம் சும்மா இருந்தாலும் மாதாமாதம் பணம் வரும், அதுதான் பேசிவ் இன்கம் என்கிறார்கள். நிஜமாகவே வருமா? எதைப் பற்றி எழுதுவது, தமிழிலா ஆங்கிலத்திலா?"

பணம் வரும். சும்மா இருந்தால் வராது. கட்டுரை எழுதி வருடக்கணக்கில் சம்பாதிப்பவர்களைக் கவனித்தால், புதிதாக எழுதுவதைவிடப் பழையதைத் திருத்துவதில்தான் அவர்களுக்கு நேரம் போகிறது. உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன், சீக்கிரம் புரியும்.

2023 மார்ச் வரை தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 4%, ஆக 11%. 2017-இல் குறைத்த வழிகாட்டி மதிப்பை (கட்டணம் கணக்கிட அரசு வைக்கும் நில மதிப்பு) 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டு, பதிவுக் கட்டணத்தை 2% ஆக்கினார்கள். அதே வருடம் ஜூலையில், குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களுக்குப் பதிவுக் கட்டண உச்சவரம்பு 4,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 25,000-லிருந்து 40,000 ஆனது. 2025 ஏப்ரலில், பெண்கள் பெயரில் வாங்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1% குறைந்தது. 2022-இல் நீங்கள் "வீடு வாங்கினால் பத்திரச் செலவு எவ்வளவு" என்று ஓர் அருமையான கட்டுரை எழுதியிருந்தால், மூன்று வருடத்துக்குள் குறைந்தது இரண்டு முறை அதைத் தொட்டிருக்க வேண்டும். தொடாமல் விட்டிருந்தால், 11% என்று நம்பிக் கணக்குப் போட்டவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேறு கணக்கைக் கேட்டுவிட்டு, உங்கள் பக்கத்தை மறந்துவிடுவார்.

கட்டணம்தானே, அதைச் சட்டென்று மாற்றிவிடலாம் என்று தோன்றும். சரி, வாரிசுரிமைக்கு வாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989 மார்ச் 25-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி, அதற்கு முன்பே கல்யாணமான பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு இல்லை என்று நம் பக்கத்தில் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2005-இல், மகனைப் போலவே மகளுக்கும் பங்கு என்று மத்திய அரசின் திருத்தம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அப்படி இருந்திருக்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. 2018-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு மூன்று வரி தப்பாகிப் போனது என்று இதை விட முடியாது. அதன் முடிவே தலைகீழாகிவிட்டது. அதைப் படித்துவிட்டு ஒரு பெண் தன் பங்கைக் கேட்காமலே இருந்துவிடலாம். கட்டுரையைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்று நான் சொல்வதற்கு வருமானம் மட்டும் காரணமில்லை.

நிறைய எழுதிக் குவித்தால் அதில் பாதியாவது காசு தரும் என்ற யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம் அதைத்தான் செய்தது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கணினி கணக்கிட்டுத் தலைப்புக் கொடுக்கும். கட்டுரைக்குச் சுமார் 15 டாலர் என்று எழுத ஆள் இருந்தார்கள். அதன் ஈஹவ் தளத்தில் கட்டுரைகள் லட்சக்கணக்கில் சேர்ந்தன. 2011 ஜனவரியில் பங்குச்சந்தைக்கு வந்தபோது ஆரம்பத்தில் அதன் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது. அடுத்த மாதமே, தரம் குறைந்த பக்கங்களைக் கீழே தள்ளும் பாண்டா என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 2010-இல் யாஹூ வாங்கிய அசோசியேட்டட் கன்டென்ட் என்ற அதேபோன்ற தளம், பெயர் மாறி ஓடிப் பார்த்துவிட்டு 2014-இல் மூடப்பட்டது. ஸ்குவிடூ என்ற இன்னொரு கட்டுரைத் தளமும் அதே வருடம் ஹப்பேஜஸ் என்ற தளத்திடம் போய்ச் சேர்ந்தது. இங்கெல்லாம் எழுதியவர்களுக்குப் பார்வைக்கு இவ்வளவு, விளம்பரத்தில் இவ்வளவு பங்கு என்று வருமானம் வந்துகொண்டிருந்தது. தளம் மூடியதும் அதுவும் நின்றது. இன்று ஏஐயை வைத்து ஒரே நாளில் நூறு கட்டுரை போடுகிறவர்கள் அதே வேலையை இன்னும் மலிவாகச் செய்கிறார்கள். தேடலில் இடம் பிடிப்பதற்காகவே கட்டுக்கட்டாக உற்பத்தி செய்யும் பக்கங்களைக் குப்பையாகக் கருதுவோம் என்று 2024 மார்ச்சில் கூகுள் விதியும் போட்டுவிட்டது.

இதற்கு நேர்மாறான வழியில் போனது வயர்கட்டர் என்ற தளம். 2011-இல் பிரையன் லாம் தொடங்கியது. கட்டுரை குறைவு. ஒரு பொருளைப் பற்றி எழுதும் முன் வாரக்கணக்கில் பயன்படுத்திப் பார்ப்பார்கள். புது மாடல் வந்தால் அதே கட்டுரையைத் திருத்துவார்கள். படித்தவர் அந்த இணைப்பு வழியாக வாங்கினால் கமிஷன். 2016-இல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. நூறு கட்டுரை என்ற உங்கள் திட்டத்தை இருபதாகக் குறைக்கச் சொல்வேன். இருபதை ஒரு மனிதர் வேலைக்குப் போய்க்கொண்டே சரியாக வைத்திருக்க முடியும். நூறை முடியாது.

இனி கணக்கு. தமிழ்ப் பக்கங்களுக்குக் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் அதிகாரபூர்வமாக வந்தது 2018 பிப்ரவரியில்தான். இந்திக்கு 2014-இலேயே வந்துவிட்டது. அதனால் தமிழ் வலைப்பூக்கள் ஓகோவென்று இருந்த காலத்தில், அருமையாக எழுதிய பலருக்கு ஒரு பைசாகூட வந்ததில்லை. இப்போது வருகிறது, ஆனால் ஆங்கிலத்தோடு ஒப்பிட முடியாது. விளம்பரத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை எழுத்தின் அழகு தீர்மானிப்பதில்லை. படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எதை வாங்கும் மனநிலையில் இருக்கிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது. சினிமாச் செய்தி படிப்பவருக்குக் காட்டும் விளம்பரத்துக்கு விலை குறைவு. வீட்டுக் கடன், காப்பீடு, மனை பற்றிப் படிப்பவருக்குக் காட்டும் விளம்பரத்துக்குக் கூடுதல். உங்கள் துறை அந்த வகையில் நல்ல இடத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குக்காக, 1000 பார்வைக்கு அரை டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பும். அதற்கு 2 லட்சம் பார்வை வேண்டும். இருபது கட்டுரைக்கு அதை ஒரே மாதத்தில் எட்ட வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் 10,000 பேர் படிக்க வேண்டும். கிடைப்பது எட்டு ஒன்பதாயிரம் ரூபாய். முதல் வருடத்தில் இது நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேடலில் ஒரு புதுத் தளத்தை நம்பி மேலே கொண்டுவரவே மாதக்கணக்கில் ஆகும். மாதம் லட்சம் என்று சொல்லி கோர்ஸ் விற்கிறவர்களின் வருமானம் பெரும்பாலும் அந்த கோர்ஸிலிருந்துதான் வருகிறது. அதை வாங்காமலிருப்பதே முதல் சம்பாத்தியம்.

எதை எழுதுவது என்பதுதான் உங்கள் கேள்வியில் முக்கியமான இடம். "வில்லங்கச் சான்று என்றால் என்ன", "பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் என்ன வித்தியாசம்" போன்றவற்றை விட்டுவிடுங்கள். அதற்கெல்லாம் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே ஏஐ நாலு வரியில் பதில் சொல்லிவிடுகிறது. யாரும் உள்ளே வரப்போவதில்லை. உங்களிடம் இருப்பது வேறு சரக்கு. பெரியப்பா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து இருபது வருடம் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே நிற்கிறது, இப்போது யாரிடம் போவது? பத்திரத்தில் ஒரு சர்வே எண், பட்டாவில் உட்பிரிவான வேறு எண், பிழைதிருத்தல் பத்திரம் போதுமா, எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் என்ன செய்வது? மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது, போலீஸில் மனு கொடுத்தபிறகு எவ்வளவு நாள் அலைய வேண்டியிருக்கும்? நாலு எல்லை சரியாக இருந்து அளவு மட்டும் குறைந்தால் எதை நம்புவது? இப்படி ஒரு சிக்கலோடு இரவு பதினொரு மணிக்குத் தேடுகிற ஆளுக்கு நாலு வரி போதாது. அவர் முழுதாகப் படிப்பார், தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார், அடுத்த வாரம் திரும்ப வந்து பார்ப்பார்.

உங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கட்சிக்காரர்கள் கேட்கும் கேள்வியை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தலைப்புக்கு அதைவிட நல்ல ஆராய்ச்சி இல்லை. மக்கள் எந்த வார்த்தையைத் தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்ட் கருவிகள் தமிழில் அவ்வளவாக உதவாது. தேடுகிறவர் "தானசெட்டில்மெண்ட் ரத்து செய்ய முடியுமா" என்றுதான் அடிக்கிறார், "கொடை ஆவண ரத்து" என்று அடிப்பதில்லை. எழுதும்போது இரண்டு எச்சரிக்கை. யாருடைய பத்திரத்தையும் படம் எடுத்துப் போடாதீர்கள், பெயரை அழித்தாலும் சர்வே எண் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், நடைமுறை என்ன என்று சொல்லுங்கள். இந்த வழக்கில் நீ ஜெயிப்பாய் என்று சொல்வது வக்கீல் வேலை. உங்கள் முதலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் மனக்கசப்பு.

தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் பார்வைக்குப் பணம் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அங்கே உங்களுக்கு முன்னால் பெரிய ரியல் எஸ்டேட் நிறுவனங்களும் வங்கிகளும் ஆள் வைத்து எழுதிக்கொண்டிருக்கின்றன. தமிழில் சார்பதிவாளர் அலுவலகத்தின் உள்ளே நடப்பதைத் தெரிந்து எழுதுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

எங்கே எழுதுவது? சொந்தப் பெயரில் டொமைன் (இணைய முகவரி) வாங்குங்கள், வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். இலவசம் என்று பிறர் தளத்தில் மட்டும் எழுதினால் ஸ்குவிடூக்காரர்கள் கதைதான். சொந்தத் தளம் வைத்தாலும் முழுப் பாதுகாப்பு என்று இல்லை. காற்றுச் சுத்திகரிப்பான்களைக் காசு கொடுத்து வாங்கிச் சோதித்து எழுதிய ஹவுஸ்ஃபிரெஷ் என்ற சிறிய தளம், கூகுள் தேடலிலிருந்து வந்துகொண்டிருந்த வாசகர்களில் பெரும்பகுதியை இழந்துவிட்டதாக 2024-இல் வெளிப்படையாக எழுதியது. தரம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு அது கசப்பான செய்தி. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களுக்கு இணைப்பு கொடுக்கும் தளங்களுக்கான கமிஷனை ஒரே அறிவிப்பில் 8%-லிருந்து 3% ஆக்கியது. கட்டுரை அப்படியே இருந்தது, வருமானம் பாதிக்கும் கீழே போனது. ஆகவே ஒரே குழாயிலிருந்து தண்ணீர் பிடிக்காதீர்கள். படிக்க வருகிறவர்களிடம் மின்னஞ்சல் கேட்டு வாங்கி வையுங்கள், அல்லது ஒரு வாட்ஸ்அப் சேனல் நடத்துங்கள். கட்டணம் மாறிய அன்று நீங்களே அவர்களுக்குச் சொல்ல முடியும், கூகுளை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு வழி மின்னூல். அமேசானின் கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் வந்தன. இருபது கட்டுரைகளைத் தொகுத்து "வீட்டுப் பத்திரம்: வாங்கும் முன்னும் பின்னும்" என்பதுபோல் ஒன்று போடலாம். இதில் பலர் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. இந்திய விற்பனைக்கு 70% ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி (கிண்டிலில் நாமே நூல் வெளியிடும் சேவை) தரும் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த உள்ளடக்கம் வேறு எங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது, உங்கள் தளத்தில்கூட. கட்டுரைகளைத் தளத்தில் திறந்து வைத்துக்கொண்டே சேர்வது விதிமீறல், கணக்கே போய்விடலாம். ஒன்று, 35% போதும் என்று வெளியே நில்லுங்கள். இல்லையென்றால் தளத்தில் இல்லாத, புதிதாக எழுதிய நூலைக் கொடுங்கள். நான் இரண்டாவதைச் சொல்வேன். அமெரிக்க விற்பனைக்கு வரி விவரப் படிவத்தில் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால், பிடித்தம் 30%-க்குப் பதில் 15%.

திருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் கட்டுரை நன்றாக இருந்தால் ஒரே வாரத்தில் பெயர் நீக்கி வாட்ஸ்அப்பில் சுற்றும், யாரோ அதை வாசித்து வீடியோவாகப் போடுவார்கள். வாட்ஸ்அப்பில் ஒன்றும் செய்ய முடியாது. வேறு தளத்தில் அப்படியே நகல் எடுத்திருந்தால் கூகுளிடம் பதிப்புரிமைப் புகார் கொடுத்துத் தேடலிலிருந்து எடுக்க வைக்கலாம், அது வேலை செய்கிறது. பத்திரிகை எதாவது உங்கள் கட்டுரையைக் கேட்டால் எழுத்து ஒப்பந்தத்தைப் படியுங்கள். பத்திரத்தில் ஷரத்து பார்க்கிற உங்களுக்கு இது கஷ்டமில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 வருடம், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று பொருள். "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு "ஒருமுறை வெளியிட" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அந்த வரி இருக்கிறது.

பணம் கைக்கு வரும் வழி சுருக்கமாக: ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும், ஆகவே போஸ்ட்மேனுக்குத் தெரிந்த முகவரியைக் கொடுங்கள். சொந்த விளம்பரத்தைத் தானே அழுத்துவதோ நண்பர்களை அழுத்தச் சொல்வதோ கணக்கை முடக்கிவிடும். வருமானத்தை வரிக்கணக்கில் காட்ட வேண்டும். சிறிய தொகையாக இருக்கும்போதே காட்டிப் பழகுவது நல்லது.

முதல் கட்டுரைக்கு நான் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பவர் பத்திரத்தை எடுப்பேன். சிங்கப்பூரிலோ துபாயிலோ கனடாவிலோ இருக்கிறவர் ஊரில் இருக்கும் அண்ணனுக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கிறார். அங்கே யார் முன்னால் கையெழுத்துப் போடுவது, இங்கே வந்ததும் எந்த ஆபீசுக்குக் கொண்டுபோவது, மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். தேடுகிறவர் வெளிநாட்டில் இருப்பதால் விளம்பர விலையும் கூடுதல். அந்த மூன்று மாதக் கெடு 1899-ஆம் வருட முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவிலேயே இருப்பது, கட்டண விகிதம்போல அடிக்கடி மாறுவதில்லை. எந்த அலுவலகத்தில் என்ன காகிதம் கேட்கிறார்கள் என்ற பகுதியை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும், அது உங்கள் மேஜையிலேயே நடக்கிற வேலை.